முக்கால் டம்ளர் அண்ணி

ஒரு வாரப் பத்திரிகையில், மூட்டுவலித் தைல விளம்பரத்துக்கும் குறுக்கெழுத்துப் போட்டிக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் வரும். அதில் வாரம் ஒரு அரிய ஆங்கிலச் சொல்லைப் பிடித்துவந்து, அதற்கு என்ன பொருள், எங்கே புழங்குகிறது, எங்கிருந்து வந்தது என்று எழுதுகிறவள் நான். பதினோரு வருடமாகிறது. கொடுத்த கட்டத்தில் ஒரு வரியைக்கூட மிச்சம் வைத்ததில்லை, நான்கு ஓரமும் முட்ட முட்ட எழுதித்தான் அனுப்புவேன். பக்கம் கட்டுகிறவர் போன் போட்டு, "எழுத்துக்கு மூச்சு விடவாவது எடம் குடுங்கம்மா" என்று கெஞ்சுவார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்த வாரச் சொல் அல்லேஜ் (ullage). அல்லிஜ் என்று சொல் என்கிறது அகராதி. ஆனால் இந்தச் சொல்லை வைத்துப் பிழைக்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் அல்லேஜ் என்றுதான் சொல்கிறார்கள். ஏணி ஏறுகிறவர்கள் அவர்கள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். அதனால் அவர்கள் சொல்வதே எனக்குச் சட்டம்.

பீப்பாயிலோ தொட்டியிலோ புட்டியிலோ, உள்ளே இருக்கும் திரவத்துக்கு மேலே, மூடிக்குக் கீழே காலியாகக் கிடக்கிற இடம் இருக்கிறதல்லவா, அதற்குத்தான் அல்லேஜ் என்று பெயர். ஒன்றுமில்லாத இடத்துக்கு ஒரு பெயர். அந்த ஒன்றுமில்லாததைத் தினமும் அளந்து சம்பளம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

நாத்தனார் என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். தீப்பெட்டிக்குள் இவரை அடக்க முடியாது என்று ஆசிரியரிடம் முழுப் பக்கம் கேட்டேன். "ஒரு சொல்லுக்கா?" என்றார். "ஒரு ஆளுக்கு" என்றேன்.

ரயில் பாதையைத் தாண்டிப் போனால் எரிபொருள் சேமித்து வைக்கும் டிப்போ. சுற்றுச்சுவருக்குள் ஒன்பது டேங்க், ஒவ்வொன்றும் நாலு மாடி உயரம், வெயிலில் கண் கூசும் வெள்ளை. அவற்றின் மேல் ஏறி அளப்பதுதான் அண்ணியின் வேலை. ஏணியில் கால் வைக்கும் முன் வெறுங்கையால் கைப்பிடிக் கம்பியைத் தொட வேண்டும், உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்கிவிடுவதற்காக. பருத்தித் துணி தவிர வேறெதுவும் உடுத்தக் கூடாது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மேலே போய்க் காற்று வரும் பக்கமாக நின்று, மூடியைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளே அடைந்திருந்த ஆவி போகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய எஃகு டேப்பை இறக்குவார். பித்தளைதான் கட்ட வேண்டும், இரும்பென்றால் உரசிப் பொறி பறந்துவிடலாம். டேப்பில் பற்பசை போல ஒரு பசை தடவியிருப்பார். பெட்ரோல் பட்ட இடத்தில் பசையின் நிறம் மாறும். விளிம்பிலிருந்து அந்த நிறம் மாறிய கோடு வரை எவ்வளவோ அதுதான் அல்லேஜ்.

டேங்கர் லாரிகளுக்கும் அதே கதைதான். லாரியின் வயிற்றுக்குள் ஒரு அடையாளத் தகடு இருக்கும். பெட்ரோல் அந்தத் தகட்டைத் தாண்டக் கூடாது. வெயில் ஏறினால் பெட்ரோல் விரியும், விரிவதற்கு மேலே இடம் வேண்டும். அண்ணி எட்டிப் பார்த்து, அளந்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூடிக்குச் சீல் வைப்பார்கள். அதற்கப்புறம்தான் கேட் திறக்கும்.

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் வந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு அறை, ஒரு சமையலறை. மாமியார், அண்ணி, என் கணவர், நான். அண்ணிக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. ஏன், எதற்கு என்று ஊரே பேசித் தீர்த்துவிட்ட விஷயம், நான் வேறு பேச வேண்டியதில்லை. முதல் நாள் சாயங்காலம் அவர்தான் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரில் முக்கால்வாசிதான் இருந்தது. வந்த அன்றைக்கே அளந்து ஊற்றுகிறாரே, இனி சோற்றுக்கு எப்படியோ என்று நினைத்துக்கொண்டேன்.

போகப்போகப் பார்த்தால் எல்லாமே முக்கால்தான். குடத்தில் முக்கால், வாளியில் முக்கால், எண்ணெய்ச் சாடியில் முக்கால். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பார். ஊருக்குப் போக எடுத்துவைக்கும் பையில் மேலே ஒரு கை உள்ளே போகும் அளவுக்கு இடம் இருக்கும். அலமாரியில் கீழ்த்தட்டு காலி. அந்தக் கீழ்த்தட்டில்தான் என் துணிகளை வைத்தேன். எனக்காகத்தான் அதைக் காலியாக வைத்திருந்தார் என்பது அப்போது என் மரமண்டையில் ஏறவில்லை. வைக்க ஒன்றுமில்லாததால் காலி என்று நினைத்தேன்.

"உங்க அக்காவுக்கு எதையும் முழுசா குடுக்கவே தெரியாதா?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"அவ வேலை அப்படி" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முக்கால் டம்ளர் அண்ணி என்று பெயர் வைத்துவிட்டேன். மாமியார் முதலில் முறைத்தார், ஒரு மாதத்தில் அவரும் ரகசியமாகச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணிக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது, ஆனால் கோபப்படவில்லை. அந்தத் தைரியத்தில் ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"அண்ணி, பெட்ரோலைக் குளிர்ச்சியா ஊத்துறீங்க, வெயில்ல விரியும், சரி. டீயை சூடாத்தானே ஊத்துறீங்க? அது ஆறினா குறையத்தானே செய்யும்? இதுல எதுக்கு எடம்?"

"டீ விரியாது" என்றார். "வாங்குற கை ஆடுமே."

நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

அவரிடம் என்னை மிகவும் எரிச்சலூட்டியது விடுமுறைதான். வருடத்துக்கு இத்தனை நாள் என்று டிப்போவில் கொடுப்பார்கள். மற்றவர்கள் ஆறு மாதத்திலேயே தீர்த்துவிடுவார்கள். அண்ணி எப்போதும் பன்னிரண்டு நாளைத் தொடாமல் வைத்திருப்பார். காய்ச்சல் அடித்தால்கூட மாத்திரை போட்டுக்கொண்டு ஏணி ஏறுவார். "லீவை வச்சு என்ன ஊறுகாயா போடப் போறீங்க?" என்று கேட்பேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார்.

இப்போது என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் டேங்கர் லாரி டிரைவர், அதே டிப்போவில். அக்கா அளந்து கையெழுத்துப் போட, தம்பி ஓட்டிக்கொண்டு போவார். வீட்டில் அக்காவிடம் வம்பிழுக்கும் மனிதர், டிப்போவுக்குள் எல்லாரையும் போலத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்.

அப்போது எனக்கு ஒன்பதாம் மாதம். என் அம்மா உயிரோடு இல்லை, பிரசவத்துக்குப் போய் உட்கார வேறு வீடு கிடையாது. பிரசவ நேரத்தில் கணவர் பக்கத்தில் இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். திங்கட்கிழமை விடிகாலை கிளம்பினால் செவ்வாய் ராத்திரி திரும்பிவிடலாம். புதன்கிழமையிலிருந்து லீவு. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை, லாரியில் பெட்ரோல் நிரப்புகிற ஆள் பக்கத்து லாரிக்காரரோடு பேசிக்கொண்டே வால்வை மூடத் தாமதித்துவிட்டார். பெட்ரோல் அடையாளத் தகட்டைத் தாண்டி ஏறி, மூடிக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. அண்ணி எட்டிப் பார்த்தார். டேப்பை எடுத்து அளந்தார். துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

"எறக்குங்க" என்றார்.

இறக்குவது என்றால் குழாயைத் திறந்துவிடுவது இல்லை. எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், லாரியை வேறு மேடைக்கு இழுக்க வேண்டும், தனிப் பம்ப் வர வேண்டும், பிறகு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். காலை ஏழு மணிக்கு மேல் கனரக வண்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். அந்த லாரி இனி செவ்வாய் விடிகாலைதான் கிளம்ப முடியும். புதன்கிழமைக்குள் வீடு என்ற கணக்கு அதோடு போனது.

நிரப்பியவர் கையைப் பிசைந்தார். அப்போதைய ஆபீசர் வேலைக்குப் புதிது, இளைஞர், அவருக்கும் மனசு கேட்கவில்லை. "ரெண்டு விரல் எடம் இருக்கேம்மா. காலை நேரம், குளிர்ச்சியாத்தானே இருக்கு. உங்க தம்பி வண்டிதானே?" என்றாராம்.

"இப்ப குளிர்ச்சி சார். மத்தியானம் வண்டி எங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

என் கணவர் கேட்டிலிருந்த ஆபீஸ் போனில் வீட்டுக்குப் பேசினார். விஷயத்தைச் சொல்லி, "நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீ சொன்னா ஒருவேளை கேப்பா" என்று ரிசீவரை அக்காவிடம் நீட்டிவிட்டார்.

"அண்ணி, இந்த ஒரு தடவ விட்டுடுங்க" என்றேன். "எனக்காக."

"முடியாதும்மா."

"ரெண்டு விரல் இருக்காமே!"

"பத்தாதும்மா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. பயமும்தான். பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. அப்போது சொன்னதை இங்கே எழுதவும் கூசுகிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

"உங்களுக்குன்னு ஒரு குழந்தை பொறந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா அண்ணி?"

அந்தப் பக்கம் தூரத்தில் பம்ப் ஓடுவது கேட்டது. பிறகு அவர் குரல், எப்போதும் போல.

"வண்டியை எறக்கிட்டுத்தான் அனுப்புவேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

போனை வைத்துவிட்டார். அந்தச் 'சாப்பிடு' என்னை இன்னும் எரிய வைத்தது. சாயங்காலம் அண்ணி வந்து டீ வைத்துவிட்டுப் போனார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். செவ்வாய் விடிகாலை என் கணவர் கிளம்பிப் போனார். நான் அண்ணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வலி கண்டது, ஒரு வாரம் முன்னதாக. மாமியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிர்வீட்டுக்காரர் டிப்போவுக்குப் போன் செய்துவிட்டு எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அண்ணி அப்போது ஆறாம் நம்பர் டேங்கின் உச்சியில் இருந்தாராம். முக்கால் மணி நேரத்தில் வந்து நின்றார், டிப்போ உடையிலேயே, பெட்ரோல் வாசனையோடு.

"இந்த வாசனையோட உள்ள வரக் கூடாது" என்று நர்ஸ் தடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கென்று எனக்கு ஒரு பை, அண்ணி இரண்டு வாரம் முன்பே கட்டி வைத்தது. மேலே இடம் விட்டுக் கட்டியிருந்தார். அந்த இடத்தில் எப்போது வைத்தாரோ, அவருடைய பருத்திப் புடவை ஒன்று மடித்து இருந்தது. குழாயடியில் குளித்து, அதைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நான் முறைப்பதற்கு முயற்சி செய்தேன். அடுத்த வலி வந்ததும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணிவரை விடவில்லை. என் நகம் பதிந்த நாலு தடம் ஒரு மாதம் அவர் கையில் இருந்தது.

பெண் குழந்தை. நர்ஸ் துடைத்து, சுற்றி, வெளியே யாரிடம் கொடுப்பது என்று பார்க்கக்கூட இல்லை, பக்கத்தில் நின்றவர் கையில் வைத்துவிட்டார். என் மகளை இந்த உலகத்தில் முதலில் ஏந்திய வீட்டு மனுஷி அண்ணிதான். அழுதாரா என்று தெரியாது. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

மறுநாள் காலை ஒரு மணி நேரம் டிப்போவுக்குப் போய் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பன்னிரண்டு நாள். எனக்குத் தலை வாரிவிட்டது, என் துணி துவைத்தது, குழந்தை விடிய விடியக் கத்தியபோது தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தது எல்லாம் அவர்தான். ஊறுகாயா போடப் போறீங்க என்று நான் கேட்ட அந்தப் பன்னிரண்டு நாளை எனக்காகவே செலவழித்தார். போனில் பேசியதைப் பற்றி முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

என் கணவர் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தாடியோடு. குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நேராக அக்காவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் நடந்ததைச் சொன்னார்.

மலைப்பாதையில் ஒரு பாலம் பழுதாகி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. முன்னாலும் போக முடியாது, திருப்பவும் முடியாது. மரம் மட்டை இல்லாத இடம், உச்சி வெயில், மணிக்கணக்காக. இவருக்கு முன்னால் வேறு எங்கேயோ நிரப்பிய ஒரு டேங்கர். அதன் மூடி விளிம்பிலிருந்து பெட்ரோல் கசிந்து, பக்கவாட்டில் கோடாக இறங்கி, ரோட்டில் சொட்ட ஆரம்பித்தது. இருபது அடி தள்ளி யாரோ வண்டியை நிறுத்திவிட்டு அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவரும் இன்னும் நாலு பேரும் ஓடிப்போய் அடுப்பை அணைத்து, மண்ணள்ளிக் கொட்டி, ஆட்களை விரட்டித் தள்ளி நிறுத்தினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த டிரைவர் மட்டும் ரோட்டோரம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாராம்.

"அப்புறம் நம்ம வண்டி மேல ஏறி மூடி விளிம்பைத் தடவிப் பாத்தேன்" என்றார் என் கணவர். "காஞ்சிருந்துச்சு."

எனக்கு மறுப்புப் பேசாமல் இருக்க வராது. அப்போதும் மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றாள். திங்கட்கிழமையே போயிருந்தால் பாலத்தை நல்லபடியாகத் தாண்டியிருப்பாரே, பிரசவத்துக்கும் வந்திருப்பாரே? வாய்விட்டே கேட்டுவிட்டேன். அண்ணி குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே யோசித்தார்.

"இருக்கலாம்" என்றார். "திங்கக்கிழமை வேற எங்கயாவது நின்னிருக்கவும் செய்யலாம். மூடியைத் திறந்து பாத்தா உள்ள எவ்வளவு இருக்குன்னுதான் எனக்குத் தெரியும். வெயில் எவ்வளவுன்னு தெரியாது. அதுக்குத்தானே எடம் விடுறது."

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குழந்தை அழுதது, பால் பொங்கியது, யாரோ வந்தார்கள். பிறகு கேட்டால் ஆறிப்போன புண்ணைக் கிளறுவதாகிவிடுமோ என்று தோன்றியது. இப்படியே பத்தொன்பது வருடம் போய்விட்டது. ஊரில் உள்ள சொல்லுக்கெல்லாம் பிறந்த இடம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், நான் சொன்ன ஒரு சொல்லைத் திரும்ப வாங்கத் துப்பில்லாமல் இருந்தேன்.

அண்ணிக்கு ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோதுதான் அல்லேஜை அகராதியில் தேடினேன். பழைய பிரெஞ்சில், பீப்பாயின் மேலே அடைப்புப் போடும் ஓட்டைக்குக் கண் என்று பெயராம். பீப்பாயில் ஊற்றி வைத்த திராட்சை மது, மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும். கிடங்குக்காரர் அவ்வப்போது வந்து கண் வரை ஊற்றி நிரப்புவார். கண் வரை நிரப்பு என்ற அந்த வினையிலிருந்துதான் இந்தச் சொல் பிறந்தது. நிரப்புவதைக் குறித்த சொல், கடைசியில் நிரம்பாமல் இருக்கும் இடத்துக்குப் பெயராகிவிட்டது.

இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "கண்ணா?" என்றார். "சரிதான். மூடியைத் திறந்து பாக்கும்போது அதுவும் நம்மள அண்ணாந்து பாக்குற மாதிரிதான் இருக்கும்."

புழக்கத்தையும் சொன்னேன். பழைய மதுப்புட்டிகளை ஏலம் விடுகிறவர்கள், அளவு கழுத்தில் நிற்கிறதா தோளுக்கு இறங்கிவிட்டதா என்று பார்த்து, அல்லேஜை வைத்தே புட்டியை மதிப்பிடுவார்கள். ராக்கெட் விடுகிறவர்களுக்கும் இந்தச் சொல் உண்டு. எடையில்லாத இடத்தில் தொட்டியிலுள்ள எரிபொருள் மிதந்து அலையுமாம், காலி இடம் எங்கே என்றே சொல்ல முடியாதாம். சின்ன இயந்திரம் ஒன்றை முடுக்கி, ராக்கெட்டை லேசாக முன்னால் தள்ளி, எரிபொருளை அடியில் உட்கார வைப்பார்களாம். கப்பற்படையில் ஒன்றுக்கும் உதவாத ஆளை அல்லேஜ் என்று திட்டுவதும் உண்டு.

"அதை எங்க ஆபீசர் காதுல போட்டுடாத" என்று அண்ணி சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மன்னிப்பைக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். ராக்கெட்டைப் பற்றியே இன்னொரு தடவை சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஓய்வு பெறும் நாளுக்கு முன் கேட்டே தீருவது என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். கெடு முடியும் நாளன்றும் காலை, மத்தியானம் என்று தள்ளிப்போட்டபடி இருந்தேன்.

டிப்போவில் பிரிவு உபசாரம். கூடத்தில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். காகிதக் கப்பில் டீ வழிய வழிய வந்தது. அண்ணி தன் கப்பிலிருந்து கொஞ்சத்தை என் மகளின் காலிக் கப்பில் ஊற்றிவிட்டுத்தான் கையில் பிடித்தார். அந்தக் காலத்து இளம் ஆபீசர், இப்போது தலை நரைத்து, வேறு ஊரிலிருந்து இதற்காகவே வந்திருந்தார். மைக்கைப் பிடித்தார்.

"இவங்க முப்பத்தாறு வருஷத்துல லீவு கேட்டது ரொம்பக் குறைவு. ஒரே ஒரு தடவ சேந்தாப்புல பன்னெண்டு நாள் கேட்டாங்க. லெட்டரைப் பிரிச்சுப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. காரணம்னு போட்டு, 'எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது'ன்னு எழுதியிருக்காங்க. முந்தின நாள்தான் டேங்க் மேல ஏறி அளந்தவங்க!"

கூடம் வெடித்துச் சிரித்தது. அவர் கையமர்த்தினார்.

"நான் சின்னப் பையன், தயங்கித் தயங்கிச் சொன்னேன். 'அம்மா, தம்பிக்குக் குழந்தை பிறந்திருக்கிறதுன்னு மாத்தி எழுதிக் குடுங்க, மேல அனுப்பணும்'னு. இவங்க லெட்டரை வாங்கிப் பாத்தாங்க. 'சரியாத்தான் சார் இருக்கு'ன்னு திருப்பிக் குடுத்துட்டுப் போய்ட்டாங்க. நானும் அப்படியேதான் அனுப்பினேன்."

மறுபடி சிரிப்பு, கைதட்டல். எல்லாரும் திரும்பி என் மகளைப் பார்த்தார்கள். நான் மட்டும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை நான் போனில் அந்த வார்த்தையைச் சொன்னேன். வியாழக்கிழமை அவர் இந்த வரியை எழுதியிருக்கிறார். நடுவில் இரண்டே நாள். பேனாவைப் பிடித்த கையில் என் நகத் தடம் அப்போதுதான் பதிந்திருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் பிரிவுத் துயரம் என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நாங்கள் மூன்று பேர், மடியெல்லாம் பரிசுப் பைகள். என் கணவர் மாமியாரோடு வேறு வண்டியில் முன்னால் போய்விட்டார். என் மகள் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள்.

"அத்தை, நிஜமாவே லெட்டர்ல அப்படியா எழுதினீங்க?"

"ஆமா. பொறந்திருந்துச்சே. வேற எப்படி எழுதுறதாம்?"

"அண்ணி" என்றேன் நான். குரல் எனக்கே கேட்கவில்லை. "அன்னிக்கு போன்ல நான் சொன்னது... தப்பு அண்ணி. பத்தொம்பது வருஷமா கேக்கணும்னு இருக்கேன். மன்னிச்சுடுங்க."

அவர் என் மகளுக்கு முன்னால் கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினார். "தெரியும். பயத்துல சொன்னே. எனக்கு எடம் இருந்துச்சு" என்றார். உடனே குரலை உயர்த்தி, "டிரைவர் தம்பி, இடது பக்கம், இடது பக்கம், தாண்டிப் போறீங்க பாருங்க" என்றார்.

உங்களுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் தெரியுமா என்று ஆரம்பித்து ஒரு பக்கம் பேச என்னிடம் விஷயம் இருந்தது. பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொஞ்சம் மிச்சம் வைத்தேன். அந்த மிச்சத்தைத்தான் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படிப்பார்.

வீட்டுக்குள் வந்ததும் அண்ணி புடவை மாற்றாமலேயே அடுப்பைப் பற்றவைத்தார். ஐந்து டம்ளர், ஐந்திலும் முக்கால் டீ. என்னுடையதை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். என் கை அந்த ஆட்டம் ஆடியது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.